மாடு, ஆடு, ஃபோனிக்ஸ்: சென்டருக்குப் பணம் கட்டும் முன்

வந்த கடிதம்

நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. மாமனார், மாமியாருடன் இவர் ஊரில் இருக்கிறார். ஒரே மகள், வயது ஆறே முக்கால். மன்னார்குடியில் ஓர் ஆங்கில வழிப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு, வேனில் போய் வருகிறாள்.

மூன்று வயதில் விஜயதசமியன்று கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்குக் கூட்டிப்போய் நெல்லில் எழுத வைத்திருக்கிறார்கள். மாமனார் ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியர். அன்றிலிருந்து சிலேட்டில் தமிழ் சொல்லிக் கொடுப்பது அவர்தான். படம், மரம், குடை, தவளை மாதிரிச் சொற்களைப் பிள்ளை தானாகவே படித்துவிடுகிறாள். இடிப்பது ஆங்கிலத்தில். பள்ளியில் கொடுத்த கதைப் புத்தகத்தை மடமடவென்று வாசிக்கிறாள். அதே சொற்களைத் தனியாக எழுதிக் காட்டினால் விழிக்கிறாள். பூனைக்கான ஆங்கிலச் சொல்லில் வரும் சி, ஏ, டி என்ற மூன்று எழுத்தைக் காட்டினால் ‘க, அ, ட’ என்கிறாள், சேர்த்துச் சொல்லச் சொன்னால் ‘கஅட’ என்கிறாள். ‘பெரியது’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லை எழுதச் சொன்னால் பன்றிக்கான சொல்லை எழுதுகிறாள். சில எழுத்துகளின் வட்டமான வயிற்றை இடம் வலமாகப் பக்கம் மாற்றிப் போடுகிறாள்.

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் பள்ளியில் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள். ‘ப்ளெண்டிங் (ஒலிகளைச் சேர்த்துச் சொல்வது) வரவில்லை, டிஸ்லெக்ஸியாவாக (வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடாக) இருக்கலாம். வீட்டில் இரண்டு வருஷத்துக்குத் தமிழை நிறுத்துங்கள். இல்லையென்றால் ஒன்றாம் வகுப்பிலேயே இன்னொரு வருஷம் இருக்கட்டும், சம்மதக் கடிதம் கொடுங்கள்’ என்றார்களாம். வகுப்பில் அவளை ‘ஸ்லோ’ பெஞ்சில் தனியாக உட்கார வைத்திருப்பதும் அப்போதுதான் தெரிந்திருக்கிறது. ஊரில் புதிதாக வந்திருக்கும் ஃபோனிக்ஸ் சென்டர், ஆறு மாதத்துக்கு 24,000 ரூபாயை மொத்தமாக முன்கூட்டியே கேட்கிறது. கணவர் போனில் ‘காசைப் பார்க்காதே, சேர்த்துவிடு’ என்கிறார். மாமனார் ‘நாங்களெல்லாம் எந்த ஃபோனிக்ஸில் படித்தோம்?’ என்கிறார். மாமியார் நாக்கில் வசம்பு தடவச் சொல்கிறார். நடுவில் நிற்கும் இவர் கடைசியாக எழுதியிருக்கும் வரி: ‘நான் பி.காம். வரைக்கும் தமிழ் மீடியம். நான் ஏ ஃபார் ஆப்பிள் என்று சொல்லிக் கொடுத்ததுதான் தப்பாகிவிட்டதா?’

பதில்

சகோதரிக்கு வணக்கம்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தப்பு இல்லை. எழுத்தின் பெயர் தெரிந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் பின்னால் வாசிப்பில் நன்றாகவே வருகிறார்கள் என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. ஒன்று மட்டும்: எழுத்தின் பெயரை வைத்துக்கொண்டு சொல்லைப் படிக்க முடியாது. ‘டபிள்யூ’ என்ற பெயரில் அந்த எழுத்தின் ஒலி எங்கே இருக்கிறது? பெயரும் வேண்டும், ஒலியும் வேண்டும். பெயரை நீங்கள் கொடுத்துவிட்டீர்கள், ஒலி பாக்கி.

அந்த ஒலியைச் சொல்லிக் கொடுப்பதற்குப் பெயர்தான் ஃபோனிக்ஸ். எந்த எழுத்துக்கு என்ன ஒலி என்று ஒரு வரிசையில் கற்றுக் கொடுத்து, ஒலிகளைச் சேர்த்துப் புதுச் சொல்லைப் பிள்ளையே படிக்க வைப்பது. அது உச்சரிப்புப் பயிற்சி கிடையாது, ஸ்போக்கன் இங்கிலீஷும் கிடையாது, கம்பெனிப் பெயரும் கிடையாது. நம் ஊர் விளம்பரப் பலகைகள் மூன்றையும் போட்டுக் குழப்புகின்றன.

அது தேவையா என்றால், ஆங்கிலத்துக்குக் கட்டாயம் தேவை. அமெரிக்காவில் சொற்களை முழு உருவமாகப் பார்த்து மனதில் பதிய வைக்கும் முறை வெகுகாலம் நடந்தது. 1955-ல் ருடால்ஃப் ஃபிளெஷ் அதைக் கண்டித்து ஒரு புத்தகம் எழுத, சண்டை தொடங்கி அரை நூற்றாண்டு ஓடியது. 2000-ல் அமெரிக்க தேசிய வாசிப்புக் குழு அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, வரிசையாகச் சொல்லிக் கொடுக்கும் ஃபோனிக்ஸ் பலன் தருகிறது, அதுவும் சின்ன வகுப்பில் ஆரம்பித்தால் அதிகம் என்று சொன்னது. இங்கிலாந்தில் 2006-ல் ஜிம் ரோஸ் தலைமையில் வந்த அறிக்கையும் அதையே பரிந்துரைத்தது. ஆனால் அந்த அமெரிக்க அறிக்கை ஃபோனிக்ஸை ஐந்தில் ஒன்றாகத்தான் வைத்தது. பேச்சில் தனி ஒலிகளைப் பிரித்துக் கேட்பது, தடையில்லாமல் வாசிப்பது, சொல்வளம், பொருள் புரிவது ஆகியவை மற்ற நான்கு. சென்டர் நோட்டீஸில் இந்த நான்கும் இருக்காது.

‘கஅட’ எங்கிருந்து வந்தது

உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பிள்ளைக்குச் சேர்த்துச் சொல்ல வரவில்லை என்று பள்ளியில் சொல்கிறார்கள். அவள் என்ன செய்தாள் என்று பாருங்கள். ‘க’ என்று சொன்னால் அதற்குள் க் இருக்கிறது, ஓர் அ-வும் இருக்கிறது. ‘ட’-வுக்குள்ளும் அப்படியே. ஆக அவள் கையில் இருப்பது மூன்று ஒலி இல்லை, ஐந்து: க், அ, அ, ட், அ. ஐந்தையும் சேர்த்தால் ‘கஅட’ தான் வரும். அவள் சரியாகத்தான் சேர்த்திருக்கிறாள். அவளுக்குக் கொடுத்த ஒலிதான் சரியில்லை. வகுப்பில் மட்டுமல்ல, யூடியூபில் வரும் பாதி ஃபோனிக்ஸ் வீடியோக்களிலும் இதே கோளாறுதான். ‘ப’, ‘க’, ‘ட’ என்று உயிரையும் சேர்த்துச் சொல்லிவிட்டு ‘இப்போது சேர்’ என்கிறார்கள்.

இதற்குத் தமிழில் மருந்து இருக்கிறது, உங்கள் மாமனாரிடமே இருக்கிறது. க் + அ = க, க் + ஆ = கா. இதை அவர் எத்தனை வகுப்புக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்! மெய்யைத் தனியாகவும் உயிரைத் தனியாகவும் பிரித்துக் காட்டி, புள்ளி வைத்து எழுதும் வசதி நம் எழுத்திலேயே இருக்கிறது. ஆகவே ‘எந்த ஃபோனிக்ஸில் படித்தோம்’ என்ற கேள்விக்கு, அதில்தான் படித்தீர்கள் என்று அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். ஆங்கிலத்துக்கு அந்த முறை தானாக வந்துவிடாது என்பதை மட்டும் அவர் ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஏன் தானாக வராது? தமிழில் கண்ணில் படும் ஓர் எழுத்து பெரும்பாலும் வாயில் ஓர் அசை. ‘குடை’ என்றால் கு, டை. இரண்டு எழுத்து, இரண்டு தட்டு. கை தட்டிக்கொண்டே படித்துவிடலாம். பூனைக்கான ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தட்டுதான், அதற்குள் மூன்று எழுத்து, மூன்று ஒலி. அசைக்கு உள்ளே புகுந்து ஒலியைப் பிரித்துக் கேட்க வேண்டும். கன்னடம் படிக்கும் பிள்ளைகளிடம் சோனாலி நாக் செய்து 2007-ல் வெளியான ஆய்வு இதைத்தான் காட்டியது: அசைகளைப் பிரிக்க அவர்களுக்குச் சீக்கிரம் வருகிறது, தனி ஒலிகளைப் பிரிப்பது மெதுவாகத்தான் வருகிறது. தமிழ் எழுத்தும் அதே குடும்பம். உங்கள் மகளுக்கு நடப்பது நம் பிள்ளைகள் பலருக்கும் நடப்பது.

பெரியது, பன்றி விஷயமும் இதே வகை. ‘பஸ்’, ‘பேனா’ இரண்டையும் சொல்லிப் பாருங்கள். எழுத்தில் ஒரே ப, வாயில் இரண்டு வேறு ஒலி. கல், தங்கம், மகன் மூன்றிலும் க ஒரே மாதிரியா ஒலிக்கிறது? இடத்தைப் பார்த்து ஒலி மாறும் என்று யாரும் சொல்லாமலே நாம் மாற்றிக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் ‘பஸ்’, ‘பேனா’வில் வரும் அந்த இரண்டு ஒலிக்கும் இரண்டு எழுத்து, மாற்றினால் பொருளே மாறிவிடும். இந்தப் பதிலைத் தமிழில் எழுதும் எனக்கே பந்துக்கு வரும் எழுத்தையும் பேனாவுக்கு வரும் எழுத்தையும் ‘பி’ என்றுதான் எழுத முடிகிறது. அவளுக்குக் காது கேட்காததாலோ மூளையில் கோளாறாலோ வந்த பிழை என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். தொண்டையில் கை வைத்து ‘பஸ்’, ‘பேனா’ என்று சொல்லச் சொல்லுங்கள். பஸ்ஸில் ஆரம்பத்திலேயே அதிர்வு தெரியும். இரண்டு வாரத்தில் பிடித்துக்கொள்வாள்.

வயிற்றைப் பக்கம் மாற்றிப் போடுவது வேறு சமாசாரம். ஏழு வயதுவரை பெரும்பாலான பிள்ளைகள் செய்வார்கள். இன்னும் ஆறு மாதம் அதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள்.

தமிழை நிறுத்தச் சொல்வது பற்றி

நிறுத்தாதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் யோசனை கிடையாது.

வாசிப்பு என்பது எழுத்தைக் கூட்டிப் படிக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வருவது என்று 1986-ல் காஃப், டன்மர் என்ற இருவர் சொன்னார்கள். இன்றுவரை இந்தத் துறையில் அதிகம் எடுத்தாளப்படும் விளக்கம் அது. பெருக்கல் என்பதால், ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். பிள்ளைக்குக் கதை கேட்கவும், ஏன் எதற்கு என்று வாதாடவும், புதுச் சொல்லைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் பழக்கம் வருவது தாத்தா பாட்டியோடு பேசும் தமிழில். அதை நிறுத்திவிட்டு, வீட்டில் யாருக்கும் சரளமாக வராத ஆங்கிலத்தில் ‘கம்’, ‘கோ’, ‘ஈட்’ என்று நாலு சொல் பேசினால் அவளுக்கு இரண்டு மொழியும் மெலியும். தமிழ் எழுத்தில் பழகிய ஒலி உணர்வு ஆங்கிலத்துக்கும் கைகொடுக்கும், இதற்கும் ஆய்வு இருக்கிறது. தாய்மொழியில் தொடங்குவதே பிள்ளைக்கு நல்லது என்று யுனெஸ்கோ 1953-லேயே சொல்லிவிட்டது.

இன்னொன்றையும் பள்ளியிடம் கேட்கலாம். தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம், 2006-ன்படி ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் கட்டாயப் பாடம். பள்ளியே சொல்லிக் கொடுக்க வேண்டிய பாடத்தை வீட்டில் எப்படி நிறுத்துவது?

இவ்வளவு அவசரம் எதற்கு என்றும் யோசியுங்கள். ஆங்கிலம் மற்றும் 12 ஐரோப்பிய மொழிகளில் பிள்ளைகள் வாசிக்கக் கற்பதை ஒப்பிட்டு 2003-ல் ஓர் ஆய்வு வந்தது. பெரும்பாலான மொழிகளில் முதல் வருஷ முடிவில் பிள்ளைகள் எளிய சொற்களைப் பிழையில்லாமல் படித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகள் அதே காலத்தில் சரியாகப் படித்தது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சொற்களைத்தான். ஆங்கில எழுத்து அவர்களுக்கே அவ்வளவு கரடுமுரடு: 26 எழுத்து, ஒலிகளோ சுமார் 44. நீடாமங்கலத்துப் பிள்ளை காலாண்டுக்குள் தேறவில்லை என்று பெஞ்சைப் பிரித்துப் போடுவதை என்னவென்று சொல்வது!

டிஸ்லெக்ஸியாவா?

ஆசிரியர் சந்தேகப்படலாம், அது அவர் கடமையும்கூட. ஆனால் அதை உறுதி செய்யும் இடம் வகுப்பறை இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 கற்றல் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதற்கான மத்திய அரசின் வழிகாட்டுதல் எட்டு வயது நிறைந்த பிறகுதான் சான்று வழங்கச் சொல்கிறது. அதற்கு முன்னால், பிள்ளைக்குக் குறையா, சொல்லிக் கொடுத்ததில் குறையா என்று பிரிப்பது கஷ்டம். உங்கள் மகள் விஷயத்தில் இரண்டாவதற்கான தடயம் நிறையவே இருக்கிறது.

அவள் தமிழில் மூன்றெழுத்துச் சொற்களைத் தானே படிக்கிறாள் என்பது நல்ல அறிகுறி. டிஸ்லெக்ஸியா வழக்கமாகத் தமிழிலும் ஏதாவதொரு தடம் காட்டும். பிழையாக இல்லாவிட்டாலும் மிக மெதுவான வாசிப்பாகவாவது தெரியும். அவள் தமிழ் படிக்கும் வேகத்தை மாமனார் கவனிக்கட்டும். பேச்சு தாமதமாக வந்ததா, வீட்டில் வேறு யாருக்காவது வாசிப்பில் சிரமம் இருந்ததா என்றும் குறித்து வையுங்கள்.

அப்புறம் கண், காது. இதைத் தள்ளிப்போட வேண்டாம். சளி பிடித்துக் காதுக்குள் நீர் கோத்திருந்தாலே நுண்ணிய ஒலி வித்தியாசம் கேட்காது. மன்னார்குடி அரசு மருத்துவமனையில் பார்க்கலாம். 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் பிள்ளைகளின் குறைகளைச் சீக்கிரமே கண்டறிந்து உதவும் இடையீட்டுச் சேவை மையங்கள் மாவட்ட அளவில் இயங்குகின்றன. திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அதைக் கேட்டுப் போங்கள். பள்ளிக் கல்வித் துறையின் கீழ் இருக்கும் உங்கள் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருப்பார்கள், அவர்களிடமும் ஆலோசனை கேட்கலாம். தலைமடையில் திறந்துவிட்ட தண்ணீர் மாதிரிதான் இந்த வசதிகளும், கடைமடைக்கு மெதுவாக வரும். இரண்டு மூன்று முறை நடக்க வேண்டியிருக்கும் என்று மனதைத் தயார் செய்துகொண்டு போங்கள்.

வசம்பு வேண்டாம் என்று மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். வாசிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பள்ளி கேட்ட சம்மதக் கடிதம்

கையெழுத்துப் போடாதீர்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009-ன் 16-ஆம் பிரிவு, பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதைத் தடுக்கிறது. 2019-ல் வந்த திருத்தம்கூட ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குத்தான் அதில் இடம் விட்டது. ஒன்றாம் வகுப்பில் நிறுத்த முடியாது, தனியார் பள்ளியானாலும் சரி. 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. ‘ஸ்லோ’ பெஞ்ச் விஷயத்தில் அதை நீங்கள் எடுத்துச் சொல்லலாம். ஒரு விதிவிலக்கு: சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் தீர்ப்புச் சொன்னது. உங்கள் பள்ளி அந்த வகையா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. பிள்ளை நாளைக்கும் அந்த வகுப்பில்தான் உட்கார வேண்டும். ஒரு பக்கத்தில் மரியாதையாக எழுதிக் கொடுங்கள்: வகுப்பில் நிறுத்தச் சம்மதமில்லை, பெஞ்சை மாற்றுங்கள், எந்த ஒலிகளை எந்த வரிசையில் நடத்துகிறீர்கள் என்று தெரிவியுங்கள், அதையே வீட்டிலும் பயிற்சி தருகிறோம். நகல் ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் தனியார் பள்ளிகளைப் பார்க்கும் அலுவலரிடம் அந்த நகலோடு போகலாம்.

சென்டரா, வீடா?

இப்போதைக்கு வீடு. 24,000 ரூபாய் பெரிய பணம் என்பதால் மட்டும் சொல்லவில்லை. வேனில் போய் வந்து களைத்த பிள்ளையை மாலையில் இன்னொரு வகுப்பில் உட்கார வைப்பதைவிட, தாத்தா மடியில் பத்து நிமிஷம் அதிகம் வேலை செய்யும். பிறகு எப்போதாவது சேர்க்க நினைத்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த எழுத்துகளில் தொடங்கி எந்த வரிசையில் போகிறீர்கள்? கற்றுக் கொடுத்த ஒலிகளை மட்டுமே வைத்து எழுதிய புத்தகங்கள் இருக்கின்றனவா? பிள்ளை தேறியதை எப்படிச் சோதிப்பீர்கள்? மூன்றாவதற்கு ‘ஆண்டு விழாவில் பாருங்கள்’ என்று பதில் வந்தால் திரும்பி வந்துவிடுங்கள். மாதா மாதம் கட்டணம் வாங்க மறுக்கும் இடமும் வேண்டாம்.

வீட்டில் என்ன செய்வது? முதல் மூன்று வாரம் எழுத்தே வேண்டாம், காது மட்டும் போதும். வேனுக்குக் காத்திருக்கும்போதே விளையாடலாம். ‘மாடு’வில் ‘ம்’ எடுத்தால்? ஆடு. ‘மலை’யில் ‘ம்’ எடுத்தால்? அலை. ‘சிலை’யில் ‘ச்’ எடுத்தால்? இலை. ‘வாடை’யில் ‘வ்’ எடுத்தால்? ஆடை. பழகியதும் திருப்பிக் கேளுங்கள்: ‘ஆடு’வுக்கு முன்னால் ‘க்’ போட்டால்? காடு. ‘ஆறு’வுக்கு முன்னால் ‘ச்’ போட்டால்? சாறு. அப்புறம் கடைசி ஒலி: ‘மண்’ எதில் முடிகிறது? அசைக்குள் புகுந்து ஒலியைப் பிடுங்குகிற வேலை இதுதான். சென்டரில் ஆங்கிலத்தில் செய்யப்போவதை அவளுக்குத் தெரிந்த சொற்களில் நீங்கள் செய்கிறீர்கள். ஆரம்பத்தில் பாதிக்குப் பாதி தப்பாகச் சொல்வாள். விடையை நீங்களே சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

அடுத்து ஆங்கில எழுத்து. எஸ், ஏ, டி, ஐ, பி, என் ஆகிய ஆறோடு தொடங்குவது பல ஃபோனிக்ஸ் முறைகளில் வழக்கம். (டி என்றது தக்காளியின் ஆங்கிலப் பெயரில் வருவது, பி என்றது பேனாவுக்கு வருவது.) இந்த ஆறை வைத்தே குழாய், ஊக்கு, சட்டி, தகரம், எறும்பு எல்லாவற்றுக்கும் ஆங்கிலச் சொல் கூட்டிவிடலாம். நம் தொடக்கப் பள்ளிகளில் ட, ப, ம என்று ஆரம்பித்து உடனே படம், மடம் என்று படிக்க வைப்பார்களே, அதே தந்திரம். மாமனாருக்குச் சொன்னால் சட்டென்று புரியும். 26-ஐயும் முடித்த பிறகுதான் சொல் என்று காத்திருக்க வேண்டாம். சின்ன எழுத்துகளில் எழுதிக் காட்டுங்கள், புத்தகத்தில் அதுதான் அதிகம் வரும்.

எஸ், என் மாதிரி இழுக்கக்கூடிய ஒலிகளில் தொடங்குங்கள். ‘ஸ்ஸ்ஸ்’, ‘ந்ந்ந்’ என்று மூச்சு விடாமல் அடுத்த ஒலிக்குப் போனால் தானாகவே ஒட்டிக்கொள்ளும். இழுக்க முடியாத ப், ட், க் ஆகியவற்றைப் புள்ளியோடு சுருக்கமாகச் சொல்லுங்கள். ஏ எழுத்துக்கு ‘அ’ என்று சொல்லாதீர்கள். பேச்சில் ‘பேங்க்’ என்கிறோமே, அதில் வரும் ஒலி. அதற்கெனத் தமிழில் தனி எழுத்து இல்லாததால்தான் பூனையையும் வாசல் கதவையும் ஒரே மாதிரி ‘கேட்’ என்று எழுதுகிறோம். உங்கள் உச்சரிப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். லண்டன் உச்சரிப்பு யாருக்கும் தேவையில்லை. எழுத்தைப் பார்த்தால் ஒலி நினைவுக்கு வர வேண்டும், அவ்வளவே.

கதைப் புத்தகத்தை மனப்பாடமாகச் சொல்வதைத் திட்டாதீர்கள், அது நல்ல ஞாபகசக்தி. ஆனால் அதை வாசிப்பு என்று எண்ணி ஏமாறவும் வேண்டாம். சோதிக்க ஒரு வழி இருக்கிறது. இங்கிலாந்தில் 2012 முதல் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 40 சொற்கள் கொண்ட ஒரு சின்னச் சோதனை நடக்கிறது. அதில் பாதிச் சொற்களுக்குப் பொருளே கிடையாது. மனப்பாடம் செய்து வந்திருக்க முடியாதல்லவா. நீங்களும் ‘நிஸ்’, ‘டாஸ்’ என்று ஏதாவது கூட்டி எழுதி, இது ஒரு பூதத்தின் பெயர் என்று சொல்லிப் படிக்கச் சொல்லுங்கள். படித்துவிட்டாளா, ஃபோனிக்ஸ் வந்துவிட்டது. ஃபோனிக்ஸுக்கு அடங்காத சொற்களும் ஆங்கிலத்தில் உண்டு. ‘தி’, ‘வாஸ்’, ‘செட்’ மாதிரி அடிக்கடி வருபவற்றை வாரத்துக்கு இரண்டு மூன்றாகப் பார்த்துப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

தினமும் பத்து, பதினைந்து நிமிஷம். அதற்கு மேல் வேண்டாம். பிறகு தமிழில் ஒரு கதை, யார் வேண்டுமானாலும் வாசித்துக் காட்டலாம். ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பாவும் மாடு, ஆடு விளையாட்டு விளையாடலாம். ‘சேர்த்துவிடு’ என்று சொல்வதைவிட அவர் செய்யக்கூடிய உருப்படியான காரியம் அது.

பள்ளியை மாற்றுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்து நடத்துகிறார்கள். அவளைப் போன்ற பிள்ளைக்கு அந்த அணுகுமுறை பொருந்தும். ஆனால் திட்டத்தின் பெயரைவிட ஆசிரியர் முக்கியம். ஊர்ப் பள்ளிக்கு ஒரு நாள் நேரில் போய், ஒன்றாம் வகுப்பில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வருஷ நடுவில் மாற்ற வேண்டாம், பெஞ்ச் விவகாரம் சரியாகாவிட்டால் மட்டும் முன்கூட்டியே யோசிக்கலாம்.

இன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிவிடுங்கள். என்ன ஒலி சொல்லிக் கொடுத்தீர்கள், அவள் எதைத் தப்பாகச் சொன்னாள் என்று தேதி போட்டு இரண்டு வரி எழுதுங்கள். அரையாண்டு விடுமுறையில் ஆறு எழுத்தில் கூட்டிய சொற்களைப் புதிதாகக் காட்டினாலும் படித்தால், அடுத்த ஆறு எழுத்துக்குப் போங்கள். அப்போதும் மூன்று ஒலியைச் சேர்க்க வரவில்லை என்றாலோ, தமிழ் வாசிப்பும் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்றாலோ, எட்டு வயதுக்குக் காத்திருக்காமல் அந்த நோட்டையும் கண், காது பரிசோதனைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைப் பாருங்கள். சான்றுக்குத்தான் வயது வரம்பு, உதவி கேட்க வயது வரம்பு இல்லை.